வாளியில் ஒட்டாதது படகில் ஒட்டுமா?

என் தொழில் மோட்டார் ரீவைண்டிங். செம்புக் கம்பியும் வார்னிஷும்தான் எனக்குத் தெரிந்த உலகம். படகில் கை வைக்க நேர்ந்தது மைத்துனனால். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்திருக்கிறான். விடியும் முன்பே பூப்பறித்துத் தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லாரி டியூபில் மிதந்து பறித்துக்கொண்டிருந்தவன், பூவாறு காயல் பக்கம் ஒரு விடுதியில் கழித்துவிட்ட பிளாஸ்டிக் படகு ஒன்றை எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தான். மஞ்சள் நிறம், பன்னிரண்டு அடி நீளம். இரண்டு பேர் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடலாம்.

"இலை மாதிரிப் போகிறது அத்தான்" என்றான் முதல் நாள். நான்காம் நாள் அரை மணி நேரத்திலேயே படகின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. கரைக்கு இழுத்துவந்து, பின்முனையில் உள்ள அடைப்பானைக் கழற்றினால் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது.

இந்த வகைப் படகின் உடம்பு உள்ளே முழுக்க வெற்றிடம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்வது போலத்தான் இதையும் செய்கிறார்கள். அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைப் போட்டு, சூடாக்கிக்கொண்டே எல்லாப் பக்கமும் உருட்டினால் பொடி உருகிச் சுவரெங்கும் படிந்து ஒரே ஓடாகிவிடும். தையல் இல்லை, மூட்டு இல்லை. அதனால் நீர் புகுந்தால் எங்கே புகுகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. உட்காரும் இடத்தில் தேங்கும் நீர் கீழே ஓட, மேலிருந்து அடிவரை நான்கு குழாய்த் துளைகள் இருக்கின்றன. மைத்துனன் முதலில் அவற்றைத்தான் ஓட்டை என்று நினைத்து, துணி வைத்து அடைத்திருந்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி சோப்புத் தண்ணீர். படகைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்புறம் முழுக்க நுரை தடவி, அடைப்பான் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஊதினேன். கம்ப்ரஸரை வைத்துவிடாதீர்கள். இவ்வளவு பரப்புள்ள ஓட்டுக்குள் கொஞ்சம் அழுத்தம் ஏறினாலே விரிசல் பிளவாகிவிடும். என் மூச்சுக்கே இரண்டு இடங்களில் குமிழி வந்தது. ஒன்று, பின் இருக்கைக்கு நேர் கீழே, அடியில் நீளவாக்கில் ஒரு சாண் விரிசல். இன்னொன்று பின்முனையில் ஓர் ஓட்டை. விடுதியில் அதைச் சிமெண்டுச் சாய்தளத்தில் இழுத்து இழுத்தே தேய்த்திருக்கிறார்கள். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. சுற்றிலும் ஓடு அப்பளமாக மெலிந்திருந்தது.

என்னிடம் எம்-சீல் எப்போதும் இருக்கும். இரண்டு நிறத்தையும் பிசைந்து, விரிசல் மேல் அப்பி, ஓட்டையையும் அடைத்தேன். கல்லாக இறுகியது. ஆறாம் நாள் மைத்துனன் அந்தக் கட்டியை முழுதாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். ஒன்றும் பேசவில்லை.

குளச்சல் பக்கம் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். அவர் மோட்டார்களுக்கு நான்தான் காயில் கட்டுகிறேன். படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போனோம். அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, இது பைபர் இல்லை. என் ரெசின் இதில் நிற்காது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாறையில் மோதிப் பிளந்த வள்ளங்களையே அவர் சரிசெய்து கடலுக்கு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். ரெசின் கலக்கும் வாளி அது. முந்தைய நாள் மிச்சம் அடியில் கெட்டியாகிக் கிடந்தது. வாளியைக் கவிழ்த்து முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார். குழியிலிருந்து இட்லி விழுவதுபோல ரெசின் வட்டமாக வந்து விழுந்தது. வாளி புத்தம் புதிதாக இருந்தது. "இந்த வாளி எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்தான் உங்கள் படகு. ஒட்டாது என்பதால்தான் இதில் கலக்குகிறோம்."

இத்தனை வருடம் பசையோடும் வார்னிஷோடும் புழங்கியும் எனக்கு இது தோன்றவில்லை. பசைப் புட்டியே பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் கடைசிச் சொட்டுவரை வருகிறது என்றால் அதற்குக் காரணம் வேண்டாமா?

பைபர் வள்ளம் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் புது ரெசின் பழைய ரெசினைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் படகோ பாலிஎத்திலீன், அதாவது நாம் பாலித்தீன் என்று சொல்கிற அதே சாதி. அதன் மேற்பரப்பு எதையும் தன்மேல் படர விடாது. தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விட்டதுபோல உருண்டு ஓடும். பசையும் இதில் சரியாகப் படராது. படராத பசை சொரசொரப்பில் நகத்தைப் பதித்துக்கொண்டு சில நாள் தொங்கும், பிறகு விழும். நன்றாகப் பழகிய ஆப்பச்சட்டியும் மாவும் எப்படியோ அப்படி.

உங்கள் படகு எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் அடியில் முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே 2 என்றோ, கீழே பி.இ. என்றோ இருந்தால் பாலிஎத்திலீன். குறி இல்லையென்றால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், பைபர் மூழ்கும். சீவலைக் கொளுத்தினால் அணைத்த மெழுகுவத்தி வாசம் வரும், உருகிச் சொட்டும். சொட்டு கையில் விழாமல் இடுக்கியால் பிடியுங்கள்.

ஒட்டாத பிளாஸ்டிக்கை ஒட்ட வைக்கத் தீயைக் காட்ட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிளாஸ்டிக் புட்டிகளில் அச்சடிக்கிற ஆலைகளிலும் மை பிடிப்பதற்காக இதைத்தான் செய்கிறார்கள். நீலச் சுடரை மேற்பரப்பில் வேகமாக ஓட்டினால், உருகும் முன்பே தோலில் மட்டும் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. தண்ணீர் தடவினால் தெரியும்: உருண்டையாகத் திரளாமல் படலமாக விரியும்.

படகு வேலையில் இறங்கும் முன் ஓர் உடைந்த நீல டிரம்மிலிருந்து எட்டுத் துண்டுகள் அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டிப் பார்த்தேன். அந்த டிரம்மும் பாலிஎத்திலீன்தான். முதல் சோடி வெறுமனே துடைத்து அரால்டைட் போட்டது. இரண்டு டியூபைக் கலந்து போடுகிற சாதாரண எபாக்ஸிப் பசை அது. இரண்டாவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. மூன்றாவது தேய்த்துத் தீயும் காட்டியது. நான்காவதும் மூன்றாவது போலத்தான்; பசை மட்டும் வேறு. இறுகிய பிறகும் வளைந்து கொடுக்கிற எபாக்ஸி ஒன்று, படகு வேலைக்கென்றே வருவது, தபாலில் வரவழைத்தேன். அது வந்துசேரப் பன்னிரண்டு நாள். மைத்துனன் மறுபடி லாரி டியூபுக்குப் போனான்.

முதல் சோடி கையில் எடுத்ததுமே பிரிந்துவிட்டது. இரண்டாவது ஒரு திருகலுக்குப் பிரிந்தது. பசை கண்ணாடித்தாள் போல முழுதாக உரிந்து வந்தது. மூன்றாவதை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வளைத்தபோது டப்பென்று உடைந்தது. ஆனால் இந்தமுறை இரண்டு துண்டிலும் பசை மிச்சம் இருந்தது. பிடி விடவில்லை, பசைதான் முறிந்திருக்கிறது. நான்காவதை வைஸில் கவ்வி வளைத்தேன், பிளாஸ்டிக்தான் வெளுத்து மடங்கியது. உளி வைத்து நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

சாதாரண எபாக்ஸி ஏன் போதாது என்றால், பாலிஎத்திலீன் வெயிலில் நீளுகிற அளவு எபாக்ஸி நீளாது. விடிகாலைக்கும் மதியத்துக்கும் ஓட்டின் சூடு இருபது டிகிரி கூடினாலே பன்னிரண்டு அடிப் படகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். போதாததற்கு இரண்டு ஆள் எடை வேறு அடியைத் தினமும் வளைக்கிறது. விறைப்பான பசை இதில் ஒரு பக்கம் முறியும், அல்லது கழன்றுவிடும்.

இனிப் படகு. நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, நடுவில் உள்ள மூடியைத் திறந்து மேசை விசிறியை உள்ளே திருப்பிவைத்து மூன்று நாள் காயவைத்தேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெயில் கிடைப்பதே பெரிது. நான் மாசி மாதத்தில் செய்தேன். விரிசல் வாயில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் தீ காட்டும்போது ஆவியாக வெளியே வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

விரிசலின் உண்மையான முனை கண்ணுக்குத் தெரிகிற முனையைத் தாண்டி இருக்கும். பேனா மையை ஒரு சொட்டுத் தடவித் துடைத்தேன். கோடு இன்னும் ஒரு விரல்கடை ஓடியிருந்தது. இரண்டு முனைகளிலும் நான்கு மில்லிமீட்டர் துளை போட்டேன். கூரான முனையில்தான் இழுவிசை குவியும், வட்டத் துளையில் அது பரவிவிடும். விரிசல் மேற்கொண்டு ஓடாது. இரும்புத் தகட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். மையைச் சீவி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

அடுத்து விரிசலை அகலமாக்க வேண்டும். மெல்லிய கோட்டுக்குள் பசை இறங்காது. பழைய ஹேக்சா பிளேடை உடைத்துச் சுரண்டியாக்கி, இரு பக்கமும் சரிவாக வாய்க்கால் போலச் சுரண்டினேன். கிரைண்டர் வைத்தால் பிளாஸ்டிக் உருகி நூல் நூலாகச் சுற்றிக்கொள்கிறது. வாய்க்காலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு 80-ஆம் எண் உப்புத்தாள் போட்டேன். தேய்த்தால் பிசிறு பிசிறாக மயிர் எழும்பும். பெரிதாக இருப்பதைப் பிளேடால் மழித்துவிடுங்கள், மீதியைத் தீ பார்த்துக்கொள்ளும்.

தீ காட்டும் முன் ஸ்பிரிட் முழுதாக உலரவேண்டும். உள்ளே வெற்றிடமான உடம்பு என்பதை மறக்கக் கூடாது. ஸ்பிரிட் ஆவி உள்ளே தேங்கியிருந்தால் படகு வெடிகுண்டுதான். அடைப்பான், மூடி எல்லாவற்றையும் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் விசிறி ஓடவிட்டு, பிறகு விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன். சுடரின் நுனி மட்டும் படவேண்டும். நொடிக்கு ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான வேகம். சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல ஒரு பட்டை, அதை ஒட்டி அடுத்த பட்டை. ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. மைத்துனன் ஏதோ கேட்டான் என்று நான் ஒரு கணம் திரும்பினேன். அந்த இடம் பளபளத்து, ஒரு ரூபாய் அளவுக்குக் குழிந்தே போனது. அந்தக் குழி இன்றும் இருக்கிறது. கேட்டால் அவன் என்மேல்தான் பழி போடுகிறான்.

ஈரத்துணியால் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் படலமாக நின்றது. அதை ஒற்றி உலர்த்திவிட்டு, கை படாமல் அரை மணிக்குள் பசையைப் போட்டுவிட வேண்டும். தீ கொடுத்த குணம் நாள்பட நிற்காது, விரல் எண்ணெய் பட்டாலும் போச்சு.

பசைக் கலவையில்தான் என் இரண்டாவது தவறு. மதியம் பன்னிரண்டு மணி, தகரக் கூரைக்குக் கீழே, மொத்தப் பசையையும் ஒரே கிண்ணத்தில் கலக்கினேன். ஓட்டைக்கும் சேர்த்துப் போதட்டும் என்ற பேராசை. எபாக்ஸி இறுகும்போது தானே சூடாகும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். பத்தாவது நிமிடம் கிண்ணம் கையைச் சுட்டது, பிறகு புகைந்தது. வாசலில் மணலில் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்று பார்த்தோம். எழுநூறு ரூபாய்ச் சாமான் மஞ்சள் கட்டியாகிப்போனது. அன்றைக்குக் காட்டிய தீயும் வீண்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மீண்டும் தீ காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். நான் வாங்கிய பசைக்கு ரெசினும், அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் சரிபாதி. உங்கள் பசையில் விகிதம் வேறாக இருக்கலாம், டப்பாவைப் பாருங்கள். ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து விகிதத்தை மாற்றாதீர்கள். பைபர் கொட்டகையில் ரெசினை இறுக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் இங்கே செல்லாது. கூடுதல் ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் உள்ளேயே நின்று பசையை நிரந்தரமாகக் கொழகொழப்பாக்கிவிடும். கிண்ணத்தின் அடியையும் சுவரையும் வழித்து வழித்து இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த மனிதருக்கு எபாக்ஸி வேலையே முடிந்தது.

முதல் பூச்சு வெறும் பசை, வாய்க்காலை நனைக்கும் அளவுக்கு மட்டும். அடுத்த கலவையில் ஏரோசில் என்கிற நுண்ணிய சிலிக்காப் பொடி போட்டு, சாய்த்தால் வழியாத தேங்காய்த் துவையல் பதத்துக்குக் கொண்டுவந்து அழுத்தி நிரப்பினேன். பொடி பைபர் அண்ணனிடம் வாங்கியது. பஞ்சை விட இலேசானது, மூச்சில் போனால் கெடுதி. தூசிக்கான முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கு அகலம், மூலைகளை வட்டமாக வெட்டி, பசையில் ஊறவைத்துப் படியவைத்தேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, மணல் மூட்டைகளை வைத்து அழுத்தினேன். மறுநாள் தாள் சுத்தமாக உரிந்து வந்தது. எந்தக் குணத்தோடு ஒரு மாதமாகச் சண்டை போட்டேனோ அதே குணம் இங்கே உதவிக்கு வந்தது.

ஓட்டைக்கு வருகிறேன். அங்கே பசையை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. பின்முனைக்குள் கை எட்டாது, உட்புறத்துக்குத் தீயும் காட்ட முடியாது. சுற்றியிருந்த அப்பள ஓரத்தை வெட்டி எறிந்தபோது ஓட்டை ஐந்துக்கு மூன்று சென்டிமீட்டர் நீள்வட்டமானது. டிரம்மிலிருந்து ஆறரைக்கு நாலரையில் ஒரு நீள்வட்டத் தகடு அறுத்தேன். ஓட்டையைவிடப் பெரிய தகடு அதற்குள் எப்படிப் போகும் என்று மைத்துனன் சிரித்தான். தகட்டைக் குத்தாக நிறுத்தினால் அதன் குறுகிய அகலம் ஓட்டையின் நீளத்தில் நுழையும். உள்ளே போனதும் திருப்பிக்கொண்டால் திரும்ப வெளியே வராது. நடுவில் இரண்டு சிறு துளை போட்டுச் செம்புக் கம்பி கோத்திருந்தேன். அது மட்டும் என் கடைச் சரக்கு. தகட்டுக்குத் தீ காட்டி, விளிம்பில் பசை அப்பி, உள்ளே விட்டு, கம்பியை வெளியே ஒரு குச்சியில் சுற்றி முறுக்கி இறுக்கினேன். ஓட்டையைச் சுற்றி நான்கு ஸ்டெயின்லெஸ் திருகாணிகள், தலை அமிழும்படி. பசை இறுகியதும் கம்பியை வெட்டிவிட்டு, வெளிப்புறத்துக்குத் தீ காட்டி, குழியை நிரப்பி, விரிசலுக்குச் செய்தது போலவே துணி போட்டேன்.

ஏழு நாள் தண்ணீரில் இறக்க விடவில்லை. கைக்கு இறுகியதுபோல் இருந்தாலும் முழுப் பலம் வர நாளாகும். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதால் கரையில் கவிழ்த்துப் போடும்போது தென்னோலை மூடச் சொல்லியிருக்கிறேன். பெயிண்ட் அடிக்கலாம்தான், ஆனால் பாலிஎத்திலீனில் பெயிண்டும் நிற்காது. பசையின் மேல் மட்டும் திட்டாக நிற்கும்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. விரிசல் வழியாக ஒரு சொட்டு இல்லை. ஓட்டையும் அப்படியே. துணியின் ஒரு மூலை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டது. அங்கே தண்ணீர் விட்டுப் பார்த்தேன்: உருண்டு ஓடியது. தீ சரியாகப் படாத இடம். வெட்டி எடுத்து, மறுபடி தீ காட்டி ஒட்டினேன். படகை வரப்பில் இழுக்காதே, தூக்கிப் போ என்று மைத்துனனிடம் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். சரி அத்தான் என்கிறான். அடியில் புதுக் கீறல்களும் ஒவ்வொரு வாரமும் கூடுகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை குளச்சல் அண்ணன் கடைக்கு வந்திருந்தார். மோட்டாருக்காக இல்லை. மீனுக்கு ஐஸ் போடும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மூலையில் விரிசல். கவிழ்த்துப் பார்த்தேன், முக்கோணத்துக்குள் 2. "தீ காட்டுங்கள் தம்பி, நானும் பார்க்கிறேன்" என்றார். ஆனால் இந்தப் பெட்டியின் இரண்டு சுவருக்கும் நடுவே நுரை இருக்கிறது, அது தீப்பிடிக்கிற சாதி. பெட்டி இன்னும் என் கடை வாசலில்தான் கிடக்கிறது.